டோர்ட்டியா சுருள்: விருந்துக்கு முந்தின நாளே முடித்து வைக்கும் ஸ்டார்ட்டர்

முதல் தடவை நான் இதைச் செய்தது ஒரு பிறந்தநாள் விருந்துக்கு. காலை பத்து மணிக்கே உருட்டி, வெட்டி, தட்டில் வட்டமாக அடுக்கி, மேலே கொத்தமல்லித்தழைகூடத் தூவி வைத்துவிட்டேன். உள்ளே பொடியாக நறுக்கிய தக்காளி. மாலை ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து தட்டை எடுத்தால், அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கட்டி நிற்கிறது. ஒரு துண்டைத் தூக்கினேன். அடிப்பக்கத் தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டது, பூரணம் மட்டும் விரலோடு வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இதில் சமையல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். டோர்ட்டியா என்பது சப்பாத்தி மாதிரி மெல்லிய மெக்சிகோ ரொட்டி. மைதா டோர்ட்டியாவின் மேல் கிரீம் சீஸ் பூரணத்தைத் தடவி, இறுக்கமாகச் சுருட்டி, குளிர வைத்து, வில்லை வில்லையாக வெட்டினால் முடிந்தது. ஆனால் இரண்டு விஷயங்களில் கோட்டை விட்டால் மொத்தமும் போய்விடும். ஒன்று, பூரணத்தில் இருக்கும் ஈரம். இன்னொன்று, எதை எப்போது செய்வது என்ற நேரக் கணக்கு. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றித்தான்.

நேரக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். மாலை ஆறு மணிக்கு விருந்து என்று வையுங்கள். முந்தின நாள் இரவு பூரணம் கலந்து, உருட்டி, சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இதற்கு முக்கால் மணி நேரம் போதும். விருந்து நாளன்று ஐந்து மணி வரைக்கும் அதைத் தொடவே வேண்டாம். ஐந்து மணிக்கு வெட்டி, அடுக்கி, மூடி மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தால், ஆட்கள் வந்ததும் எடுத்து நீட்டலாம். வெட்டும் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். அந்த நிம்மதிக்கு ஆசைப்பட்டுத்தான் நான் அன்று மாட்டிக்கொண்டேன். முழு உருளைக்கு இரண்டு முனைகள் மட்டும்தான் திறந்திருக்கும். அதையே பத்துத் துண்டாக வெட்டினால் இருபது முகங்கள். அத்தனை முகங்களிலிருந்தும் தண்ணீர் கசியும், ஓரங்கள் காற்றுப் பட்டுக் காயும்.

எந்த டோர்ட்டியா

மைதாவில் செய்ததுதான் வேண்டும். மக்காச்சோள டோர்ட்டியா வாசனையாக இருக்கும், ஆனால் அதில் குளூட்டன் கிடையாது. அதனால் குளிர்ந்த நிலையில் இறுக்கிச் சுருட்டினால் பிளந்துவிடும். கோதுமை மாவில் இருக்கும் குளூட்டன்தான் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிறது. கோதுமை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்கு வந்த தானியம். அங்கே வடபகுதியில்தான் இந்தக் கோதுமை டோர்ட்டியா வேரூன்றியது. ஸ்பானிய மொழியில் இரட்டை எல் எழுத்தை யகரம் போல உச்சரிப்பார்கள், அதனால்தான் டோர்ட்டியா. டார்ட்டில்லா என்று கேட்டாலும் கடையில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அளவு 10 அங்குலம் இருக்கட்டும். 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரியது சிறியதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். 8 அங்குலத்தில் சுற்றுகள் குறைவு, வெட்டினால் அந்த நத்தை ஓடு போன்ற சுழல் சரியாக விழாது. 12 அங்குலம் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் வில்லை ஒரே வாயில் போடுகிற அளவைத் தாண்டிவிடும்.

பாக்கெட்டை வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். வெளியிலிருந்தே லேசாக வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி தொய்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். அட்டை மாதிரி விறைத்தால் அது பழசு. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அங்கிருந்து எடுத்து அப்படியே சுருட்டவும் கூடாது. மாவில் இருக்கும் ஸ்டார்ச் குளிரில் சீக்கிரம் விறைத்துப்போகும். பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் வறண்ட மாதிரி ஆகிறதே, அதே கதைதான். ஈரமான கிச்சன் டவலில் சுற்றி மைக்ரோவேவில் 15 முதல் 20 விநாடி வைத்தால் மறுபடி இளகும். சூடான தவாவில் பக்கத்துக்குப் பத்து விநாடி போட்டு எடுத்தாலும் சரிதான். அதற்கப்புறம் அறைச் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே தடவினால் கிரீம் சீஸ் இளகி வழுக்கிவிடும், சுருள் கையில் நிற்காது.

கிரீம் சீஸ் பற்றிக் கொஞ்சம்

இரண்டு விதமாகக் கிடைக்கும். கட்டியாக, காகிதத்தில் சுற்றி வருவது ஒன்று. டப்பாவில், பிரெட்டில் தடவுவதற்கென்றே இளக்கமாக வருவது இன்னொன்று. நமக்குக் கட்டிதான் நல்லது. டப்பா வகை மட்டும்தான் கிடைக்கிறதென்றால் பரவாயில்லை, அதனோடு சவர் கிரீம் (புளிக்க வைத்த பாலேடு) சேர்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஏற்கனவே போதுமான அளவுக்கு இளக்கம்.

கொழுப்புக் குறைந்த வகையை எடுத்துச் சமாளிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. அங்கே நியூஷாடெல் என்ற பெயரில் விற்கும் கொழுப்புக் குறைந்த வகையில் ஈரம் 65 சதவீதம் வரை போகலாம். குறைத்த கொழுப்பின் இடத்தில் பெரும்பாலும் தண்ணீர்தான் வந்து உட்கார்கிறது. மாலை வரை நிற்க வேண்டிய உருளைக்கு அது ஒத்துவராது. வீட்டில் நான்கு பேர் உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரீம் சீஸே கிடைக்காத இடத்தில் தயிர் கைகொடுக்கும். அரை கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு கிண்ணத்தோடு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டால், காலையில் ஏறக்குறைய பாதி அளவுக்குக் கெட்டியான விழுது மிஞ்சும். புளிப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

கட்டியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். இதை நான் ஒருமுறை அவசரத்தில் தவிர்த்துப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் குட்டிக் குட்டி உருண்டைகள் போகவே இல்லை. தடவும்போது அந்த உருண்டைகளைக் கரண்டியால் நசுக்கப் போய் டோர்ட்டியாவே கிழிந்தது. பொறுமை இல்லையென்றால் கட்டியைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டித் தட்டில் பரப்பி வையுங்கள், கால் மணி நேரத்தில் இளகிவிடும். விரலால் அழுத்தினால் தடையில்லாமல் பள்ளம் விழுவதுதான் பதம்.

பொருள்களும் அளவும்

ஐந்து 10 அங்குல டோர்ட்டியாவுக்கு, அதாவது சுமார் 50 வில்லைகளுக்கு:

கட்டி கிரீம் சீஸ் 225 கிராம்
சவர் கிரீம் 4 டேபிள்ஸ்பூன்
நன்றாகத் துருவிய செடார் சீஸ் 100 கிராம்
வெங்காயத்தாள் 3
சிவப்புக் குடைமிளகாய் பாதி
கறுப்பு ஆலிவ், நறுக்கியது, கால் கப்
ஊறுகாய் ஹலபீனோ மிளகாய், பொடியாக நறுக்கியது, 2 டேபிள்ஸ்பூன்
கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி
சீரகத்தூள் அரை டீஸ்பூன்
மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன்
பூண்டுத்தூள் கால் டீஸ்பூன்
எலுமிச்சைச்சாறு ஒரு டீஸ்பூன்
உப்பு, கடைசியில் ருசி பார்த்து

50 எப்படி வந்தது என்றால், 10 அங்குல உருளையின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். இரண்டு முனைகளிலும் இரண்டு இரண்டு சென்டிமீட்டர் கழிந்துவிடும். மீதி 21 சென்டிமீட்டரை இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டினால் பத்து வில்லை. ஆளுக்கு எத்தனை என்பது பின்னால் சாப்பாடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சாப்பாடு உண்டென்றால் ஆளுக்கு நான்கு என்று நான் வைத்துக்கொள்வேன். இதுபோன்ற கொறிப்புகள் மட்டும்தான் என்றால் ஏழு எட்டு போகும். இருபது பேர், பின்னால் சாப்பாடு உண்டு என்றால் 80 வில்லை. மேலே சொன்ன அளவை இரட்டித்துவிடுங்கள், மிஞ்சினால் மறுநாள் காலை ஆளே தேட வேண்டாம்.

காயிலிருந்து ஈரத்தை எடுப்பது

தக்காளி, வெள்ளரி இரண்டிலும் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். குடைமிளகாயிலும் 92 சதவீதம் இருக்கிறது, ஆனாலும் அது ஏன் சுருளைக் கெடுப்பதில்லை? அதன் சதை இறுக்கமானது, நறுக்கினாலும் பெரும்பாலான தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளியில் விதையைச் சுற்றி வழவழவென்று ஒன்று இருக்கிறதல்லவா, அது நறுக்கிய உடனே ஓட ஆரம்பித்துவிடும். அதோடு பூரணத்தில் உப்பும் இருக்கிறது. உப்புப் பட்ட காயிலிருந்து தண்ணீர் இழுபட்டு வெளியே வரும். அது அரை மணியில் தெரியாது, எட்டு மணி நேரத்தில் நன்றாகத் தெரியும்.

ஆகவே தக்காளி கட்டாயம் வேண்டுமென்றால் வெயிலில் உலர்த்தி எண்ணெயில் போட்ட தக்காளியை எடுங்கள், எண்ணெயை ஒற்றிவிட்டு. வெள்ளரி வேண்டுமென்றால் நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் விதைப்பகுதியை வழித்தெறிந்து, பொடியாக நறுக்கி, கால் டீஸ்பூன் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் போட்டுப் பிழியுங்கள். நான் விருந்துக்கு இரண்டையுமே சேர்ப்பதில்லை.

ஆலிவும் ஹலபீனோவும் உப்புத் தண்ணீரில் மிதந்து வருபவை. வடிகட்டியில் கொட்டி ஒரு உதறு உதறினால் போதும் என்று நினைக்காதீர்கள். கிச்சன் டவலை நான்காக மடித்து, அதன் மேல் பரப்பி, மேலே இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். டவல் நனைந்து கறுப்பாவதைப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகவிருந்தது என்று தெரியும். குடைமிளகாயையும் வெங்காயத்தாளையும் கழுவியதும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். கொத்தமல்லித்தழை இதில் மோசமான ஆள். இலைக்கு நடுவே தண்ணீர் ஒளிந்திருக்கும். நான் சமையலுக்கு ஒரு மணி நேரம் முன்பே அலசி, துண்டில் விரித்துப் போட்டுவிடுவேன்.

நறுக்கும் அளவு அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இது வெறும் அழகுக்காகச் சொல்வது இல்லை. பெரிய துண்டு இருக்கும் இடத்தில் சுற்று உப்பும், உள்ளே காற்றிடைவெளி விழும், வெட்டும்போது கத்தி அந்தத் துண்டில் தட்டி வில்லையைக் கிழித்துவிடும். சீஸையும் துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள்.

கலப்பது

இளகிய கிரீம் சீஸை முதலில் தனியாக அடியுங்கள். மரக்கரண்டியே போதும், மின்சார பீட்டர் இருந்தால் ஒரு நிமிடம். வழவழப்பாக ஆனதும் சவர் கிரீம், எலுமிச்சைச்சாறு, தூள்கள். அதன்பின் துருவிய சீஸ். காய்களைக் கடைசியில் போட்டு, கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும். பீட்டரை ஓட விட்டுக்கொண்டே ஆலிவைப் போட்டால் மொத்தமும் சாம்பல் நிறமாகிவிடும்.

ருசி பார்ப்பதில் இரண்டு சங்கதிகள் உண்டு. குளிர்ந்த பண்டத்தில் உப்பும் காரமும் மட்டாகத்தான் தெரியும். அறைச் சூட்டில் சரியாக இருக்கும் பூரணம் ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததும் சப்பென்று இருக்கும். ஆகவே ஒரு ஸ்பூன் பூரணத்தைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் வைத்து, அதைச் சாப்பிட்டுப் பார்த்து உப்பு போடுங்கள். ஆனால் பூண்டும் பச்சை வெங்காயமும் இதற்கு நேர்மாறு, இரவு முழுக்க ஊறி மறுநாள் மேலோங்கி நிற்கும். அதனால்தான் பட்டியலில் பூண்டுத்தூள் கால் டீஸ்பூனோடு நிற்கிறது. கைவாகில் அரை டீஸ்பூன் போடத் தோன்றும், போடாதீர்கள்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. லேசாக உதறினால் பொத்தென்று ஒரே திரளாக விழ வேண்டும். வழிந்தால் இன்னும் இரண்டு டேபிள்ஸ்பூன் துருவிய சீஸ் சேர்த்து, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தடவுவது, சுருட்டுவது

பூரணத்தை முதலிலேயே ஐந்து பங்காகப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் டோர்ட்டியா வயிறு புடைக்கும், கடைசி டோர்ட்டியா பட்டினி கிடக்கும். ஒரு பங்கு சுமார் 110 கிராம், அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் பரப்பினால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் வரும், டோர்ட்டியாவின் தடிமனும் கிட்டத்தட்ட அதேதான். வெட்டிப் பார்க்கும்போது வெள்ளையும் பழுப்பும் சம அகலத்தில் சுழன்று வருவது இதனால்தான். இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவலாமே என்று கை போகும். தடவினால் சுருட்டும்போது எல்லாம் மறுமுனைக்கு ஓடிவந்து வெளியே பிதுங்கும்.

நடுவில் வைத்து வெளிநோக்கித் தடவுங்கள். வட்டமான முனையுள்ள பாலட் கத்தி இருந்தால் வசதி, ஸ்பூனின் முதுகும் பரவாயில்லை. ஓரம் வரைக்கும் போக வேண்டும், காய்ந்த ஓரம் ஒட்டாது. ஆனால் உங்களுக்கு எதிர்ப்பக்கம், சுருள் முடியும் இடத்தில், இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குக் காய்த் துண்டுகளை ஒதுக்கிவிட்டு வெறும் கிரீமை மட்டும் மெலிதாகப் பூசுங்கள். அதுதான் பசை. அங்கே ஒரு ஆலிவ் துண்டு இருந்தாலும் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும்.

இனி சுருட்டல். முதல் சுற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்கள் பக்க விளிம்பை இரண்டு கை விரல்களாலும் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் மடித்து, அந்த மடிப்பைப் பெருவிரலால் உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் உங்கள் பக்கமாக லேசாக இழுங்கள். பாயைச் சுருட்டும்போது முதல் மடிப்பை முழங்காலால் அழுத்திக்கொள்வோமே, அந்த மாதிரி அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். நடுவில் பென்சில் நுழையும் ஓட்டை தெரிந்தால் பிரித்து மறுபடி ஆரம்பியுங்கள், இப்போது பிரிப்பது சுலபம். அடுத்த சுற்றுகளில் உருட்டு, உள்ளே இழு, உருட்டு, உள்ளே இழு. அழுத்தம் முன்னோக்கிப் போகட்டும், கீழ்நோக்கி வேண்டாம். கீழே அமுக்கினால் பூரணம் இரண்டு பக்கமும் பிதுங்கும்.

முனைகள் ஒல்லியாகவும் நடு குண்டாகவும் வரும். வட்டத்தைச் சுருட்டினால் அப்படித்தான் வரும். நடுவில் 25 சென்டிமீட்டர் நீளம் சுற்றிக்கொள்கிறது, ஓரத்தில் சில சென்டிமீட்டர்தான். எல்லா வில்லையும் ஒரே அளவில் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் டோர்ட்டியாவின் இடது வலது ஓரங்களை இரண்டு விரல் அகலம் நேராக வெட்டிவிட்டுத் தடவலாம். அந்த ஓரங்களை எண்ணெய் தடவி ஓவனில் மொறுமொறுப்பாக்கிக் கொறிக்கலாம். நான் இவ்வளவு சிரமப்படுவதில்லை.

குளிரில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு உருளையையும் தனியாகக் கிளிங் ஃபிலிமில் வைத்துச் சுற்றி, இரண்டு முனைகளையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி எதிரெதிராக முறுக்குங்கள். முறுக்க முறுக்க உருளை இறுகி, வடிவம் கொள்வது கையிலேயே தெரியும். விளிம்பு கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

குறைந்தது இரண்டு மணி நேரம், நல்லபடியாக வேண்டுமென்றால் இரவு முழுக்க. இந்த நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது. அறைச் சூட்டில் இளகிக் கிடக்கும் பால் கொழுப்பு 4 டிகிரியில் இறுகுகிறது, பூரணம் வெட்டத் தகுந்த கட்டியாகிறது. அதே நேரத்தில் டோர்ட்டியா பூரணத்திலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி மென்மையாகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஃப்ரீசரில் அரை மணி வைத்தும் வெட்டலாம், அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். முதல் வேலை நடந்திருக்கும், இரண்டாவது நடந்திருக்காது. வெட்டும்போது நேர்த்தியாக இருக்கும், தட்டில் ஒரு மணி நேரம் ஆனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வாய் பிளக்கும்.

அடிப்பக்கம் தட்டையாகிறதே என்று கவலைப்பட்டால், வைத்த அரை மணி கழித்து உருளைகளை ஒருமுறை திருப்பி வையுங்கள். கிச்சன் டவல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயை நீளவாக்கில் கீறி அதற்குள் வைத்தால் அச்சில் வார்த்த மாதிரி வட்டமாக இருக்கும். ஐந்து குழாய் சேர்த்து வைக்கும் அளவுக்கு ஆர்வம் இருக்கிறவர்களுக்கு.

24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். கெட்டுப்போகாது, ஆனால் தோல் நொசநொசத்துவிடும்.

வெட்டுவது

பிரெட் வெட்டும் பல் கத்தி, அல்லது உண்மையிலேயே கூரான மெல்லிய கத்தி. மொண்ணைக் கத்தி வட்டத்தை முட்டை வடிவமாக்கிவிடும். அமுக்காமல், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின வெட்டின் கிரீம் அடுத்த வில்லையின் முகத்தில் பூசிக்கொண்டு சுழலை மறைத்துவிடும். அதோடு ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் திருப்புத் திருப்பிக்கொண்டால், ஒரே பக்கம் நசுங்காது.

கத்தி சரியில்லையென்றால் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல் இருக்கிறதே, மணம் சேர்க்காத வகை, அதை உருளைக்கு அடியில் கொடுத்து, மேலே குறுக்காகப் பின்னி இரண்டு பக்கமும் இழுங்கள். கத்தியைவிடச் சுத்தமாக வெட்டும். புதினா வாசனை உள்ள நூலை எடுத்துவிட்டுப் பிறகு என்னைத் திட்ட வேண்டாம்.

ஒரு உருளையை வெட்டும்போது மற்றவை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். தடிமன் இரண்டு சென்டிமீட்டர். ஒன்றரைக்குக் குறைந்தால் படுத்துவிடும், மூன்று போனால் ஒரே வாயில் அடங்காது.

தட்டில் வைத்த பிறகு

பால் பொருள் என்பதால் இங்கே கண்டிப்பு வேண்டும். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் சூடான நாளென்றால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வெளியே இருந்ததை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நான் மொத்தத்தையும் ஒரே தட்டில் வைக்காமல், இரண்டு சின்னத் தட்டுகளில் மாற்றி மாற்றி எடுத்துவருவேன். ஒன்று காலியாவதற்குள் அடுத்தது தயார். தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ விருந்தென்றால், ஐஸ் கட்டி பரப்பிய அகலத் தட்டின் மேல் வில்லைத் தட்டை வைக்கலாம்.

தொட்டுக்கொள்ள சல்சா வைத்தால் தனிக் கிண்ணத்தில். வில்லைமேல் ஊற்றி அலங்கரித்தால் இவ்வளவு நேரம் ஈரத்தோடு போராடியதெல்லாம் வீண்.

விருந்தினரில் யாருக்காவது கோதுமையோ பாலோ ஒத்துக்கொள்ளாதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பண்டம் இது. கறாரான சைவர்கள் இருந்தால் சீஸ் பாக்கெட்டின் பின்புறத்தையும் படியுங்கள். பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் சில சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கும். சில சவர் கிரீம்களில் ஜெலட்டினும் இருக்கும்.

வேறு பூரணங்கள்

அடித்தளம் அதே 225 கிராம் கிரீம் சீஸ்தான், மேலே போடுவதை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது கீரை. உறைய வைத்த பசலை 300 கிராமை உருக விட்டு, துணியில் கட்டி, கை வலிக்கும் வரை பிழிய வேண்டும். போதும் என்று தோன்றியதும் இன்னொரு முறை பிழியுங்கள், இன்னும் கால் கப் வரும். அதோடு நொறுக்கிய ஃபெட்டா சீஸ் 80 கிராம், கொஞ்சம் மிளகு, சிட்டிகை ஜாதிக்காய்த்தூள். ஃபெட்டாவே உப்பாக இருப்பதால் தனி உப்பு வேண்டாம். சவர் கிரீமும் வேண்டாம்.

அசைவத்துக்கு வேகவைத்து நார் நாராகப் பிய்த்த கோழி நல்லது, முழுவதும் ஆறிய பிறகு. புகையூட்டிய சால்மன் மீன் என்றால் கலக்காமல், கிரீம் தடவியபின் மெல்லிய தாள்களாக மேலே பரப்பி, டில் இலையும் எலுமிச்சைத்தோல் துருவலும் தூவிச் சுருட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம், வேகவைக்காத புகை மீனில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு.

இனிப்பாகவும் செய்யலாம் என்கிறார்கள், ஐசிங் சர்க்கரையும் ஸ்ட்ராபெர்ரியும் வைத்து. ஒருமுறை செய்தேன், குழந்தைகளுக்குப் பிடித்தது. எனக்குச் சப்பென்று இருந்தது.

சூடாக வேண்டுமென்றால் சவர் கிரீமைத் தவிர்த்து, வெட்டிய வில்லைகளைப் பேக்கிங் தாளில் படுக்க வைத்து 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, சீஸ் குமிழி விடும்போது எடுத்து, ஐந்து நிமிடம் ஆற விட்டுத்தான் தட்டுக்கு மாற்ற வேண்டும். சுடச்சுடத் தூக்கினால் நடு அப்படியே ஒழுகிவிடும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைக்க நினைப்பவர்களுக்கும் இந்தச் சுடும் வழிதான் பொருந்தும். உறைந்து உருகிய கிரீம் சீஸ் மணல் மணலாகத் திரிந்துபோகும், குளிராகச் சாப்பிட்டால் நாக்கில் தெரியும், சூட்டில் அது மறைந்துவிடும். பச்சைக் காய் இல்லாத பூரணமாக மட்டும் இருக்கட்டும்.

வெட்டும்போது கழியும் அந்த முனைத் துண்டுகள் ஐந்து உருளைக்குப் பத்து சேரும். பூரணம் பிதுங்கி, கோணல்மாணலாக இருக்கும், தட்டில் வைக்க முடியாது. சமையலறை மேடை ஓரத்தில் நின்றபடியே அவற்றைக் காலி செய்வது வெட்டியவரின் உரிமை. உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.